ஷூன்னா நான்தான்

இல்ல அண்ணாச்சி, சண்டையெல்லாம் இல்ல. வீட்டுக்காரிகிட்ட ‘மதுரை தாண்டிட்டேன்’னு சொன்னேன், அவ்வளவுதான். நான் கத்தல. என் குரலே இப்படித்தான். பஸ்ஸுல அந்த முதல் சீட்டு அம்மா கூடத் திரும்பிப் பாக்காவ, பாருங்க. பாத்துட்டுப் போட்டும். போன்ல பேசினா ஊர்ல இருக்கவளுக்குக் கேக்க வேண்டாமா?

பொங்கலுக்கான்னு கேட்டிய. நாங்க வேதக்காரங்க, எங்களுக்குக் கிறிஸ்மஸ்தான் பண்டிகை. ஆனா பள்ளிக்கூடத்துக்குப் பொங்கல் லீவு உண்டுல்லா. பொண்டாட்டியும் பிள்ளையும் நாசரேத்துல என் மச்சினன் வீட்ல இருக்காவ. கூட்டிட்டு வரப் போறேன். வருவாவளான்னு மட்டும் கேட்டுராதிய. அதைத்தான் சொல்ல வாறேன்.

நான் மெட்ராஸ்ல பி.டி. மாஸ்டர். பேரு ஞானதுரை. கொரட்டூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல ஒன்பது வருஷமா இருக்கேன். கிரவுண்டுல எண்ணூறு பிள்ளைக நிக்கும், எனக்கு மைக் கிடையாது. ஒரு ‘அட்டென்ஷன்’ விட்டேன்னா எண்ணூறு குதிகாலும் ஒண்ணா அடிக்கும், வேப்பமரத்துல இருக்க காக்கா பூரா பறந்துரும். ஹெச்.எம். அம்மாவே சொல்லுவாவ, ‘ஞானதுரை சார் இருக்கும்போது நமக்கு பெல் எதுக்கு’ன்னு. இது கர்த்தர் குடுத்த வரம். எங்க அப்பாவுக்கும் இதே குரல்தான். அவ்வோ ‘ஏல’ன்னா மூணு தெரு கேக்கும். அவ்வோ சைக்கிள் மணி கேட்டாலே நாங்க நாலு பேரும் புஸ்தகத்தத் தூக்கிட்டு உக்காந்துருவோம். அது பயம் இல்ல அண்ணாச்சி. ஒழுக்கம்.

என் மகளுக்கு ரெண்டே கால் வயசு. ஜெமிமா. பைபிள்ல யோபுவோட மூத்த மக பேரு. நான் காலையில அஞ்சரைக்குப் போனா ராத்திரி எட்டு ஆயிரும் வீடு வர. பிள்ளையப் பாக்கதே ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரமும் எங்கிட்ட ஒட்டவே மாட்டா. தூக்கினா வெறைச்சுப் போயிருவா. அழ மாட்டா, அதான் கஷ்டம். அழுதாலாவது சமாதானம் பண்ணலாம். உடம்பக் கட்டையா வச்சிக்கிட்டு, கண்ண மட்டும் அவ அம்மா பக்கம் திருப்பி வச்சிருப்பா. எப்ப இறக்கி விடுவான்னு பாத்துட்டு இருப்பா. பெத்த தகப்பனுக்கு அது எப்படி இருக்கும்?

ஆனா ஒண்ணு. அவளுக்குப் பத்துப் பதினஞ்சு வார்த்தை வரும். அதுல எனக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருந்தா. ஷூ. நான் கதவுல சாவியப் போடும்போதே உள்ள அவ குரல் கேக்கும், ‘ஷூ’ன்னு. தொறந்தா உதட்டுல விரல வச்சிட்டு நிப்பா. ‘ஷூ, ஷூ’. எனக்குச் சந்தோசம் தாங்காது. நான் பி.டி. மாஸ்டர் பாருங்க, எப்பவும் வெள்ளை கேன்வாஸ் ஷூவோடதான் வருவேன். பிள்ள அதக் கவனிச்சு எனக்குப் பேரு வச்சிருக்கு. அப்பான்னு சொல்லாட்டாலும் ஷூன்னு சொல்லுதால்லா. ஸ்டாப் ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன், என் மகளுக்கு ஷூன்னா நான்தான்னு.

இந்தத் தடவை டிசம்பர் பத்தொம்பதாம் தேதியே பரீட்சை முடிஞ்சு கிறிஸ்மஸ் லீவு விட்டுட்டாவ. ஹெப்சி, அதான் என் வீட்டுக்காரி, ஊருக்குப் போவோம் அத்தான்னா. நான் வேண்டாம்னுட்டேன். ஊருக்குப் போனா பிள்ள அவ மாமன் தோளவிட்டு இறங்க மாட்டா. நான் பல்லைக் காட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும். பட்டணத்துலயே இருப்போம், நம்ம மூணு பேர் மட்டும், ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்துல அவள எங்கிட்ட ஒட்ட வச்சுரணும்னு நினைச்சேன். வேற ஆசையே இல்ல அண்ணாச்சி, சத்தியமா.

நானும் சும்மா இருக்கல. பிரிட்ஜ் மேல ஒரு டைம்டேபிள் எழுதி ஒட்டினேன். ஆறரைக்கு எழும்பணும், ஏழுக்குப் பால், ஏழரைக்கு அப்பாவோட மொட்டை மாடியில விளையாட்டு. ஹெப்சி அதப் படிச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ வீட்ல எப்பவும் குசுகுசுன்னுதான் பேசுவா. ‘ஏன் இப்படிப் பேசுத, தொண்டையில என்ன’ன்னு கேட்டா, ‘பிள்ள தூங்குதா அத்தான்’ம்பா. பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்? உள்ள போய்ப் பாத்தா ஜெமி கண்ண இறுக்க மூடிக்கிட்டுக் கிடப்பா. இமை மட்டும் ஆடும். ரெண்டு வயசுலயே நடிப்பு. விசில் ஒரே ஒரு தடவைதான் ஊதினேன். அதுக்கு ஹெப்சி அதை எங்க கொண்டு ஒளிச்சு வச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு மாடி உயரத்துக்குக் கிறிஸ்மஸ் மரம் வச்சிருந்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்பா தோள்ல இருந்து போட்டோ எடுக்குது. நானும் தூக்கப் போனேன், இவ தரையில படுத்துட்டா. பளிங்குத் தரையில மல்லாக்கப் படுத்துட்டு எந்திரிக்க மாட்டேங்கா. நான் ஒரு தடவைதான் சொன்னேன், ‘எழுந்திரு’ன்னு. பக்கத்து பெஞ்சுல போன் பாத்துட்டிருந்த காலேஜ் பையன் ஒருத்தன் எந்திரிச்சு நின்னுட்டான். என்னத்தச் சொல்ல. ஹெப்சி பிள்ளைய அள்ளிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தவதான், அதுக்கப்புறம் எங்கயும் வெளிய வரல. கேட்டா தலைவலிம்பா. நான் ஒரு நாள் கூடக் கை நீட்டினவன் இல்ல, அதையும் சொல்லிருதேன். அவள்ட்டயும் சரி, பிள்ளைகிட்டயும் சரி.

இனிமேதான் விஷயமே இருக்கு. எங்க சபையில கிறிஸ்மஸுக்கு முந்தி வீடு வீடா கேரல் போவோம். கொயர் பாடும், கூட ஒருத்தர் கிறிஸ்மஸ் தாத்தா வேசம் போட்டுட்டு மணிய ஆட்டிக்கிட்டு ஆடுவாரு. நான் கொயர்ல சேரணும்னு மூணு வருஷமாக் கேக்கேன். எட்வின் மாஸ்டர்தான் கொயர நடத்துதாரு. அவரு, ‘உங்க குரல் தனிக் குரல் சார், மத்தவங்க பாடுறது கேக்காமப் போயிரும்’னு ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாரு. இந்த வருஷம் அவரே வந்து, ‘சார், நீங்க தாத்தாவா வாங்க’ன்னாரு. எனக்குப் பெருமைதான். ஆனா ஒரு கண்டிஷன் போட்டாரு. தாத்தா வாயத் தொறக்கக் கூடாது. ‘குரல வச்சுப் பிள்ளைக அடையாளம் கண்டுரும் சார், அப்புறம் அந்த மகிழ்ச்சியே போயிரும்’னாரு. சரின்னேன்.

சிவப்பு சாட்டின் சட்டை, வயித்துல தலகாணி, பஞ்சுத் தாடி வச்ச பிளாஸ்டிக் முகமூடி, காலுக்குக் கறுப்பு கம்பூட்ஸ். இருபத்திமூணாம் தேதி சாயங்காலம் எங்க அபார்ட்மெண்டுக்கு வந்தோம். ஒம்பது மணிக்கு மேல பாடக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லியிருந்ததால ஏழுக்கே வந்தாச்சு. ஹெப்சிக்கு நான்தான் தாத்தான்னு தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. ஒரே யோசனை எனக்கு. மத்த வீட்ல ரெண்டு மூணு பிள்ளைக தாத்தாவப் பாத்துப் பயந்து அலறிருச்சு. இவ நாலு வீடு கேக்க அலறுவான்னு நினைச்சேன்.

அலறல அண்ணாச்சி. எல்லாரும் ஹால்ல நின்னு பாடுதாவ, ஹெப்சி எனக்கு ஒரு சேர் போட்டா. ஜெமி அவ அம்மா கைய விட்டுட்டு நடந்து வந்தா. வந்து என் முட்டுக்கு நேரா நின்னு அண்ணாந்து பாத்தா. தாடியத் தொட்டா. தொட்டுட்டு ரெண்டு கையையும் மேல தூக்கினா. தூக்குன்னு. எங்கிட்ட. நான் தூக்கி மடியில வச்சேன். பிள்ள வெறைக்கல. அப்படியே சாஞ்சிட்டா. என் பிள்ள எவ்வளவு கனம் இருப்பான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அதுக்கு முந்தி அவ பாரம் எம்மேல விழுந்ததே இல்ல.

ஒரு பாட்டு முழுக்க உக்காந்திருந்தா. அவ தலை எண்ணெய் வாசம் முகமூடிக்குள்ள வருது. கையில அச்சு முறுக்கு வச்சிருந்தா, அதக் கடிச்சிட்டு மிச்சத்த முகமூடி வாயில வச்சு ஊட்டுதா. பிளாஸ்டிக் வாயில முறுக்கு ஒடைஞ்சு தாடியெல்லாம் விழுது. சிரிக்கா. என் மக சிரிக்கும்போது கீழ்ப்பல்லு ஒண்ணு கோணலா இருக்கும்னு எனக்குத் தெரியாது, பாத்துக்கிடுங்க. முகமூடிக்குள்ள நான் அழுதேன். சொல்லுததுக்கு என்ன வெக்கம். அழுதேன். என் ஆயுசுலயே நல்ல நேரம் எதுன்னு கேட்டா அந்த நாலு நிமிஷம்னுதான் சொல்லுவேன்.

ஆனா ஒரு கவலையும் வந்துட்டு. பிள்ள உக்காந்திருக்கது எங்கிட்ட. ஊட்டுதது யாருக்கு? தாத்தாவுக்கு. நாளைக்கு முகமூடியக் கழத்தினா பழையபடி நான் அன்னியன். நான்தான்னு அவளுக்குத் தெரியணும்லா? நீங்க தகப்பனா இருந்தா சொல்ல மாட்டியளா? அதான் மெதுவா கூப்பிட்டேன். நல்லா மெதுவாத்தான். ‘ஜெமி’ன்னேன். கொயர் பாட்ட நிறுத்திருச்சு. எட்வின் மாஸ்டர் கையத் தூக்கினபடியே திரும்பிப் பாத்தாரு.

பிள்ள கையில இருந்த முறுக்கு கீழ விழுந்துச்சு. என்னையே பாத்தா. அப்புறம் சின்ன விரல எடுத்து முகமூடி வாய் மேல வச்சா. ‘ஷூ’ன்னா. ரொம்ப மெதுவாச் சொன்னா. மடியில இருந்து வழுக்கி இறங்கினா. முறுக்க மிதிக்காமச் சுத்திப் போய் அவ அம்மா பின்னால நின்னுக்கிட்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அன்னைக்கு நான் கேன்வாஸ் ஷூவே போடல அண்ணாச்சி. கம்பூட்ஸ். அப்படி இருந்தும் கண்டுபிடிச்சிட்டா. ஒரே ஒரு வார்த்தை பேசினேன், தகப்பன்னு தெரிஞ்சுக்கிட்டா. ரத்தம்னா அதுதான். ஹெப்சி சேலைத் தலைப்ப எடுத்துக் கண்ணத் தொடச்சா. அவளுக்கும் சந்தோசம்னு நினைச்சேன்.

மறுநாளே போய் அவளுக்கு ஒரு ஷூ வாங்கினேன். சிவப்பு, நடந்தா பீப் பீப்னு சத்தம் வரும். அவ எனக்கு வச்ச பேரு, நான் அவளுக்கு வாங்கின ஷூ. பொருத்தம் எப்படி? கிறிஸ்மஸ் ஆராதனையில எங்க ஐயர்ட்ட, பாதிரியார நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், அவர்ட்டயும் சொல்லிச் சிரிச்சேன். ஆனா பிள்ள அதப் போடவே மாட்டேங்கா. நான் மாட்டி விடுவேன், கொஞ்ச நேரத்துல பாத்தா ரெண்டையும் கழத்திக் கையில வச்சிக்கிட்டு வெறுங்காலோட சுவத்த ஒட்டி நடப்பா. நான் கடைக்குக் கிளம்பி கீழ இறங்கினா மாடியில இருந்து பீப் பீப்னு கேக்கும். திரும்பி மேல வந்தா மறுபடியும் கையில. விளையாட்டுப் புத்தி.

புது வருஷத்தன்னைக்கு எட்வின் மாஸ்டர் குடும்பம் கேக் கொண்டு வந்தாவ. நான் மறுபடியும் முதல்ல இருந்து சொன்னேன், ஷூ கதை, தாத்தா கதை, எல்லாம். அவரு சிரிக்கல. காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அவ்வோ போனதும் ஹெப்சி கதவச் சாத்திட்டு வந்து நின்னா. ‘அத்தான், இனிமே அந்தக் கதைய யார்ட்டயும் சொல்லாதிய’ன்னா. ஏன்னேன். ‘அது உங்க ஷூ இல்ல’ன்னா.

‘பின்ன என்ன?’

‘அது ஷ்ஷ்... சத்தம் போடாதன்னு அர்த்தம். நீங்க வாற நேரம் நானும் அவளும் சொல்லிக்கிடுதது. சாவிச் சத்தம் கேட்டா நான்தான் முதல்ல உதட்டுல விரல வைப்பேன். அப்புறம் அவ வச்சா. அவ உங்களக் கூப்பிடல அத்தான். என்னையப் பேசாதன்னு சொல்லுதா.’

கேட்டியளா அண்ணாச்சி? இதக் கேட்டுட்டு ஒரு மனுசன் சும்மா இருப்பானா? ரெண்டு வருஷமா என் வீட்ல, என் சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு, என் பிள்ளைக்கு எம்மேல பயத்தப் பாடமா நடத்தியிருக்கா. நான் வெளியில உழைச்சிட்டு வாறேன், உள்ள ரெண்டு பேரும் விரல வச்சு சைகை பண்ணிட்டு இருந்திருக்காவ. கேட்டேன். நியாயத்தக் கேட்டேன். ‘எத்தன நாளா நடக்கு இந்தப் பாடம்’னு கேட்டேன். அதுக்குள்ள மேல் வீட்டுக்காரர் வந்து பெல் அடிக்காரு, ‘சார், எதாவது பிரச்சினையா’ன்னு. புருஷன் பொண்டாட்டி பேசினா அவருக்கு என்ன வந்துச்சு? திரும்பிப் பாத்தா ஜெமி கட்டிலுக்கு அடியில கிடக்கா. சும்மா கிடக்கல. அவ விரல் அவ உதட்டுலயே இருக்கு. எனக்குச் சொல்லுதாளா, அம்மாவுக்குச் சொல்லுதாளா, அவளுக்கே சொல்லிக்கிடுதாளான்னு எனக்குப் புரியல. நான் குனிஞ்சு கூப்பிட்டேன். உள்ள தள்ளிப் போயிட்டா.

மறுநாள் மச்சினன் ரூபன் வந்தான். மூணு பேரும் சத்தமில்லாமச் செருப்ப மாட்டினாவ, சத்தமில்லாம லிப்டுக்குப் போனாவ. கேட் திறக்க சத்தம் கூடக் கேக்கல. நான் சோபாவுல இருந்து டிவி பாத்துட்டு இருக்கேன்.

இப்ப பன்னண்டு நாளாச்சு. அந்த வீட்ல இருக்க முடியல அண்ணாச்சி. பிரிட்ஜ் ஓடுத சத்தம் கேக்கு. குழாய் சொட்டுத சத்தம் கேக்கு. இதெல்லாம் முந்தியும் இருந்திருக்கும், நான்தான் கேட்டதில்ல. பிள்ள முகத்த நினைச்சா சோறு இறங்க மாட்டேங்கு.

நேத்து ஹெப்சியே போன் பண்ணினா. ‘வாங்க அத்தான். வந்து ஒரே ஒரு நாள் பேசாம இருங்க. அவ பக்கத்துல சும்மா உக்காந்திருங்க. அவளா வருவா, தாத்தாட்ட வரலையா? வந்தான்னா நாங்களும் கூட வாறோம்’னா. வராட்டான்னு கேட்டேன். ‘நீங்க ஒரு நாள் கூடப் பேசாம இருக்க மாட்டியன்னா, நான் இங்கயே பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஜெமியும் இங்கயே வளருவா’ன்னா. மெதுவாத்தான் சொன்னா. அவ எப்பவும் மெதுவாத்தான் சொல்லுவா, கத்தி மாதிரி.

நானும் பழகிப் பாத்தேன். பொய் சொல்லல. நேத்து ராத்திரி சேர்ல உக்காந்து வாய மூடிக்கிட்டேன். பத்து நிமிஷம் இருந்திருப்பேன். எங்க அக்காவுக்குப் போனப் போட்டுட்டேன். அவ சொன்னா, ‘ஏல, அப்பா குரல் அப்படியே இருக்குல உனக்கு, நான் போனத் தள்ளி வச்சுத்தான் பேசுதேன்’னு. கேக்க எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு! எங்க அக்கா சும்மா சொல்லுதவ இல்ல. ரொம்ப தைரியசாலி. அப்பா செத்த அன்னைக்குக் கூட ஒரு பொட்டுக் கண்ணீர் விடல, பாத்துக்கிடுங்க.

அப்பதான் ஒரு முடிவுக்கு வந்தேன். பேசாம உக்காந்து பிள்ளையப் பிடிக்கதுக்கு நான் என்ன தூண்டில்காரனா? இன்னைக்கு ஒரு நாள் பேசாதம்பா, நாளைக்கு ஒரு வாரம்பா. தகப்பன் குரல் பிள்ளைக்குப் பழகணும். பழகாததுதான் குத்தம். ரூபன் சொல்லியிருக்கான், வாசல்ல வந்து போன் பண்ணுங்க அத்தான், பெல் அடிக்காதியன்னு. நான் என்ன திருடனா? தெரு முக்குல ஆட்டோவ விட்டு இறங்குதேன். இறங்கி அங்க இருந்தே ஒரு கூப்பாடு. தெரு முழுக்கக் கேக்கணும். அவ அம்மா விரல வைக்கதுக்கு முந்திக் கேட்டுரணும். அவ ஓடி வரணும். நல்லா கேட்டுக்கிடுங்க, இப்படிக் கூப்பிடுவேன்.

ஜெமிமா!

கேட்டியளா? இன்னும் எடுக்கலாம், வண்டிக்குள்ளங்கதால குறைச்சிருக்கேன். ஓடி வருவாளா மாட்டாளா, நீங்களே சொல்லுங்க.

என்ன அண்ணாச்சி, பையெல்லாம் எடுக்கிய? உங்களுக்குத் திருநெல்வேலின்னுல்லா சொன்னிய. இது இப்பதான் சாத்தூர்.